ஆஃப் செய்தால் போதாது: உயர் மின்னழுத்தக் கருவிகளிலும் பேட்டரிகளிலும் பாதுகாப்பாக வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

"ஆஃப் பண்ணியாச்சு" என்ற சொல்லை நம்பித்தான் பலரும் பேனலுக்குள் கை வைக்கிறார்கள். ஆனால் ஆஃப் ஆன கருவி வேறு. மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதி செய்த கருவி வேறு. பிரேக்கரை இறக்கிய பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஜெனரேட்டர் வழியாகவோ சோலார் வழியாகவோ சப்ளை திரும்பி வரும். பேட்டரியோ எந்த சுவிட்சுக்கும் கட்டுப்படாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

இது ஏற்கெனவே மின்வேலை தெரிந்தவர்களுக்கானது. 1000 வோல்ட்டுக்கு மேல் உள்ள கருவிகளில் அதற்கான பயிற்சியும் எழுத்துப்பூர்வ அனுமதியும் உள்ளவர் மட்டுமே வேலை செய்ய வேண்டும். படித்துத் தெரிந்துகொள்வது அந்தத் தகுதிக்கு ஈடாகாது.

எவ்வளவு வோல்ட் ஆபத்து?

சர்வதேசத் தரங்கள் ஏசியில் 1000 வோல்ட்டுக்கு மேலும் டிசியில் 1500 வோல்ட்டுக்கு மேலும் உள்ளதை உயர் மின்னழுத்தம் என்கின்றன. மின்சார வாகனத் துறையில் எல்லை இன்னும் கீழே இருக்கிறது: டிசி 60 வோல்ட், ஏசி 30 வோல்ட் தாண்டினாலே அது உயர் மின்னழுத்தப் பகுதி. உடம்புக்கு இந்தப் பெயர்களெல்லாம் தெரியாது. உள்ளே ஓடும் கரண்ட்தான் கணக்கு. ஏசியில் சுமார் அரை மில்லி ஆம்பியரில் சுள்ளென்று தெரியும். 10 மில்லி ஆம்பியரை நெருங்கும்போது தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடிகள் நீடித்தால் இதயத்தின் துடிப்பு ஒழுங்கு கெட வாய்ப்பு உண்டு. உடம்பின் தடையை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் ஓடும். வியர்த்த கையில் தடை இன்னும் குறையும்.

ஷாக் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆர்க். பேனலுக்குள் ஷார்ட் ஏற்பட்டால் காற்றே கடத்தியாகி, செம்பு ஆவியாகி வெடித்துச் சிதறும். எந்தக் கம்பியையும் தொடாமல் ஓரடி தள்ளி நின்றவருக்கும் முகமும் கையும் வெந்துபோகும். தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி வெப்பம் பட்டாலே கொப்புளத் தீக்காயம் வரும். பெரிய பேனல்களில் ஆர்க் அதைப் பல மடங்கு தாண்டும். டிசியில் நிலைமை இன்னும் மோசம். ஏசி ஒவ்வொரு அரைச் சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடுவதால் ஆர்க் அணைய ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. டிசிக்கு அந்தப் பூஜ்யமே கிடையாது. இடைவெளி போதுமான அளவு பெரிதாகும்வரை எரிந்துகொண்டே இருக்கும். லோடு ஓடும்போது டிசி இணைப்பையோ சோலார் கனெக்டரையோ பிடுங்கக் கூடாது என்பதும், ஏசி பிரேக்கரை டிசியில் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

வேலைக்கு முந்தைய அரை மணி நேரம்

முதலில் ஒற்றைக்கோடு வரைபடத்தை (மின்சாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படம்) எடுத்து, இந்தக் கருவிக்குள் மின்சாரம் எத்தனை வழியில் வரலாம் என்று எண்ணி எழுதுங்கள். ஒரு யுபிஎஸ் என்றால் மெயின் சப்ளை, பைபாஸ் சப்ளை, பேட்டரி, இணையாக ஓடும் இன்னொரு யுபிஎஸ்ஸின் வெளியீடு என்று நான்கு வழிகள் இருக்கலாம். கண்ட்ரோல் சப்ளை தனியாக வேறு இடத்திலிருந்து வரும். டிரான்ஸ்ஃபார்மர் இரு பக்கமும் வேலை செய்யும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: 400 வோல்ட் பக்கத்தில் யாரோ சிறிய ஜெனரேட்டரை ஓட்டினால், ஆஃப் செய்த மறுபக்கத்தில் 11,000 வோல்ட் எழும்.

தனியாக வேலை செய்யாதீர்கள். உடன் இருப்பவருக்கு எந்த சுவிட்சை இறக்க வேண்டும் என்பதும், நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் தெரிந்திருக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி, உலோக பெல்ட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். 12 வோல்ட் பேட்டரியில் ஷாக் இல்லை என்பதால் இதை அலட்சியம் செய்கிறார்கள். உள் தடை 5 மில்லி ஓம் உள்ள 12 வோல்ட் பேட்டரியை ஷார்ட் செய்தால் 2400 ஆம்பியர் ஓடும். ஸ்பானருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மாட்டிய மோதிரம் நொடியில் பழுக்கும், விரலோடு சேர்ந்து.

உடை பருத்தியாகவோ ஆர்க் தாங்கும் துணியாகவோ இருக்க வேண்டும். பாலியஸ்டரும் நைலானும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். உள்ளாடைக்கும் இது பொருந்தும். ரப்பர் கையுறையை அதன் வகுப்பு பார்த்து எடுங்கள். ஐஇசி 60903 என்ற சர்வதேசத் தரப்படி வகுப்பு 00 ஏசி 500 வோல்ட் வரைக்கும், வகுப்பு 0 ஏசி 1000 வோல்ட் வரைக்கும், வகுப்பு 2 ஏசி 17,000 வோல்ட் வரைக்கும். ஒவ்வொரு முறை போடும் முன்பும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்து, காதருகே வைத்து அழுத்திப் பாருங்கள். காற்று கசிந்தால் அந்தக் கையுறையை வெட்டி எறியுங்கள், அப்போதுதான் வேறு யாரும் எடுத்துப் போட மாட்டார்கள். மேலே தோல் கையுறை கட்டாயம். அது ரப்பரைக் கீறலிலிருந்து காக்கும்.

துண்டித்துப் பூட்டுதல்

வரிசை மாறக் கூடாது. முதலில் லோடைக் குறையுங்கள், பிறகு பிரேக்கரை இறக்குங்கள், அதன் பிறகே ஐசோலேட்டரை (சுற்றைக் கண்ணுக்குத் தெரியும் இடைவெளியோடு பிரிக்கும் சுவிட்ச்) திறங்கள். ஐசோலேட்டர் லோடில் திறப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. வரிசை மாறினால் அதன் கத்திகளுக்கு நடுவே ஆர்க் எழும். பிரேக்கரை இயக்கும்போது பேனல் கதவு மூடியிருக்கட்டும். நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு இயக்குங்கள்.

துண்டித்த ஒவ்வொரு புள்ளியிலும் உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வையுங்கள். எச்சரிக்கை அட்டையில் பெயர், தேதி, வேலை மூன்றும் வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. ஒருவர் மற்றவருக்காகப் பூட்டக் கூடாது, திறக்கவும் கூடாது. பூட்ட வழியில்லாத ஃபியூஸ் என்றால் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அட்டை மட்டும் தொங்கவிடுவது பூட்டு ஆகாது. ஏதோ ஒரு அவசரத்தில் யாராவது ஒருவர் அதைப் படிக்காமல் சுவிட்சை ஏற்றிவிடுவார்.

அளந்து உறுதி செய்தல்

இந்தப் படியைத் தவிர்க்க எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதல்ல. மீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது தெரிந்த ஓரிடத்தில் வைத்து, அது காட்டுகிறதா பாருங்கள். அடுத்து வேலை செய்யும் இடத்தில் அளங்கள். பிறகு மறுபடி அந்தத் தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் மீட்டரின் ஃபியூஸோ வயரோ போயிருந்தால் மூன்றாவது சோதனை காட்டிக்கொடுக்கும். அது இல்லாமல் திரையில் தெரியும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை.

மூன்று ஃபேஸ் பேனலில் ஃபேஸ்களுக்கு இடையே மூன்று, ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் மூன்று, ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் மூன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று என்று பத்து அளவுகள் எடுங்கள். டிசி என்றால் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே, பிளஸ்ஸிலிருந்து எர்த்துக்கு, மைனஸிலிருந்து எர்த்துக்கு என்று மூன்று.

மீட்டர் தவறாகச் சொல்வதற்கு வழிகள் பல. ஏசி நிலையில் வைத்து டிசியை அளந்தால் பல மீட்டர்கள் பூஜ்யம் காட்டும். எதிரே 400 வோல்ட் இருக்கும். பேனா போன்ற தொடாச் சோதனைக் கருவி டிசியைக் காட்டவே காட்டாது, உலோக உறை போட்ட கேபிளிலும் ஏமாற்றும். அதை முதல் எச்சரிக்கைக்கு மட்டும் பயன்படுத்தலாம். சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் செருகியிருந்தால், அளக்கப் போன மீட்டரே ஷார்ட் ஆகும். மீட்டரிலும் வயரிலும் கேட் 3 (CAT III என்ற பாதுகாப்பு வகை), 1000 வோல்ட் என்ற குறி இருக்கட்டும். முனையில் வெளியே தெரியும் உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். 1000 வோல்ட்டுக்கு மேல் இந்த மீட்டரையே எடுக்கக் கூடாது. அந்த மின்னழுத்தத்துக்கென்று செய்த டிடெக்டரும் இன்சுலேட்டட் கழியும்தான்.

தேங்கிய சார்ஜும் எர்த்தும்

வேரியபிள் டிரைவ், யுபிஎஸ், சோலார் இன்வெர்ட்டர் ஆகியவற்றின் டிசி பஸ்ஸில் (உள்ளே டிசி ஓடும் பொதுக் கடத்தி) பெரிய கெபாசிட்டர்கள் உண்டு. 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் 700 வோல்ட் நின்றால் 245 ஜூல் ஆற்றல். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி கொடுக்கும் அதிர்ச்சிக்கு இது நிகர். உள்ளே இருக்கும் 100 கிலோ ஓம் பிளீடர் (சார்ஜை மெல்ல வடிக்கும் ரெசிஸ்டர்) வழியாக அது 50 வோல்ட்டுக்கு இறங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். உறையில் "5 நிமிடம் காத்திருக்கவும்" என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். ஆனால் பிளீடரே எரிந்துபோயிருந்தால் ஐந்து மணி நேரம் காத்திருந்தும் பயனில்லை. ஆகவே காத்திருந்த பிறகு அளங்கள்.

இன்னும் சார்ஜ் இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். உலோகம் தெறிக்கும், கெபாசிட்டரும் கெடும். மேற்சொன்ன அளவு கெபாசிட்டருக்கு 2 கிலோ ஓம், 50 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரை 1000 வோல்ட் தாங்கும் பிடிவயர்களோடு இணைத்து, கையுறை போட்டு 10 நொடி பிடித்தால் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். பெரிய கெபாசிட்டர்கள் ஷார்ட்டை எடுத்த பிறகு தாமாகவே கொஞ்சம் மின்னழுத்தத்தை மீட்டுக்கொள்ளும். அதனால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு முனைகளை ஒரு கம்பியால் ஷார்ட் செய்து, வேலை முடியும்வரை அதை அப்படியே விடுங்கள். மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட்ட நீண்ட கேபிளும் ஒரு கெபாசிட்டர்தான். சோதனைக்குப் பிறகு அதையும் டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

உயர் மின்னழுத்த லைன், பஸ்பார் (பேனலுக்குள் இருக்கும் கனமான உலோகக் கடத்திப் பட்டை) என்றால் அளந்தவுடன் எர்த் போட வேண்டும். எர்த் பக்கக் கிளாம்பை முதலில் இறுக்குங்கள், பிறகே கழியால் ஃபேஸில் மாட்டுங்கள். கழற்றும்போது ஃபேஸ் முதலில், எர்த் கடைசியில். இதைத் தலைகீழாகச் செய்தால், ஃபேஸில் மின்சாரம் இருக்கும் பட்சத்தில் கையில் இருக்கும் கிளாம்ப் மின்னேற்றமாகிவிடும். வேலை செய்யும் இடத்தின் இரு பக்கமும் எர்த் இருந்தால், யாராவது தவறுதலாகச் சப்ளை கொடுத்தாலும் பிரேக்கர் விழும். பக்கத்துப் பேனலில் மின்சாரம் இருந்தால் இன்சுலேட்டட் தடுப்பு வையுங்கள்.

கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் (பெரிய கரண்டை மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துத் தருவது) செகண்டரியை ஒருபோதும் திறந்து விடாதீர்கள். பிரைமரியில் கரண்ட் ஓடும்போது திறந்த முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். மீட்டரைக் கழற்றும் முன் செகண்டரியை ஷார்ட் செய்யுங்கள்.

பேட்டரி வரிசை: அணைக்க முடியாததைப் பிரிப்பது

மேலே சொன்னதெல்லாம் சப்ளையைத் துண்டித்து, அது போய்விட்டதை உறுதி செய்வது பற்றி. பேட்டரியில் அந்த வழி அடைபடுகிறது. பிரேக்கரைத் திறந்தாலும் பேட்டரியின் முனைகளில் முழு மின்னழுத்தமும் அப்படியே இருக்கும். செய்யக்கூடியது ஒன்றுதான்: தொடும் அளவுக்குச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது.

12 வோல்ட் பேட்டரி 32 தொடராக இணைந்தால் பெயருக்கு 384 வோல்ட். ஒன்றுக்கு 13.5 வோல்ட் ஃப்ளோட்டில் (முழு சார்ஜில் நிறுத்தி வைக்கும் மின்னழுத்தம்) அது 432 வோல்ட். இதை நான்கு நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் 54 வோல்ட், அதாவது 60 வோல்ட் எல்லைக்குள்.

1. யுபிஎஸ்ஸை நிறுத்தி, பேட்டரி பிரேக்கரைத் திறந்து பூட்டுங்கள். கிளாம்ப் மீட்டரை டிசியில் வைத்து வரிசையில் கரண்ட் பூஜ்யம் என்று பாருங்கள். கரண்ட் ஓடும் லிங்கை (ஒரு பேட்டரியை அடுத்ததோடு இணைக்கும் பட்டை) கழற்றினால் கைக்கருகே ஆர்க்.

2. இரு முனைகளிலிருந்தும் எர்த்துக்கு அளங்கள். எர்த்தோடு சேராத வரிசையில் எதுவும் நிலையாக நிற்காது, மெதுவாக இறங்கும். ஒரு அளவு நிலையாக நின்றால் எங்கோ ஒரு செல் அமிலக் கசிவு வழியாகவோ நசுங்கிய கேபிள் வழியாகவோ எர்த்தைத் தொட்டிருக்கிறது. நீங்கள் இரண்டாவது இடத்தைத் தொட்டால் சுற்று முழுமையாகிவிடும். அந்தப் பழுதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள். இரண்டு மின்னழுத்தங்களின் விகிதமே பழுது வரிசையில் எந்த இடத்தில் என்று காட்டும்: 400 வோல்ட் வரிசையில் பிளஸ் பக்கம் 100, மைனஸ் பக்கம் 300 என்றால், பழுது பிளஸ்ஸிலிருந்து கால் தூரத்தில்.

3. வரிசையின் நடுவிலுள்ள லிங்கை முதலில் எடுங்கள். அதோடு மின்னழுத்தம் பாதியாகும். பிறகு கால், பிறகு அரைக்கால் என்று பிரித்துக்கொண்டே போங்கள். இந்தக் கட்டத்தில் கையுறையும் முகக்கவசமும் கழற்றக் கூடாது. கழற்றிய ஒவ்வொரு முனைக்கும் உடனே மூடி போடுங்கள்.

4. ஸ்பானர், டார்க் ரெஞ்ச் எல்லாம் 1000 வோல்ட் குறியுள்ள இன்சுலேட்டட் வகையாக இருக்கட்டும். சாதா ஸ்பானரில் டேப் சுற்றுவது இன்சுலேஷன் ஆகாது. பேட்டரி மேல் கருவிகளை வைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

5. திரும்ப இணைக்கும்போது நடு லிங்க் கடைசி. உற்பத்தியாளர் சொன்ன டார்க்கில் இறுக்குங்கள். ஒரு முனையில் கூடுதலாக 1 மில்லி ஓம் இருந்தாலே 200 ஆம்பியரில் அங்கே 40 வாட் வெப்பம். அதுதான் பிளாஸ்டிக்கை உருக்கித் தீயாகும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஈய முனை பிளந்துவிடும், அதுவும் ஆபத்தே.

வாயுவும் அமிலமும்

ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். அறைக்குத் தேவையான காற்றோட்டத்துக்கு ஐஇசி 62485-2 தரும் கணக்கு: 0.05 × செல் எண்ணிக்கை × ஒரு ஆம்பியர் மணிக்கு வரும் வாயுக் கரண்ட் மில்லி ஆம்பியரில் × ஆம்பியர் மணி ÷ 1000. தண்ணீர் ஊற்றும் வகை 24 செல், 200 ஆம்பியர் மணி, பூஸ்ட் சார்ஜில் (உயர்ந்த மின்னழுத்தத்தில் வேகமாக ஏற்றும்போது) வாயுக் கரண்ட் 20 என்றால் மணிக்கு 4.8 கன மீட்டர். மின்விசிறி இல்லாமல் இயற்கைக் காற்றோட்டத்தை நம்பினால், இதை 28-ஆல் பெருக்கினால் வரும் 134 சதுர சென்டிமீட்டர் திறப்பு காற்று நுழையும் இடத்திலும் வேண்டும், வெளியேறும் இடத்திலும் வேண்டும். ஹைட்ரஜன் மேலே ஏறும். வெளியேறும் வழி கூரையை ஒட்டியிருக்கட்டும். சார்ஜரை நிறுத்திய பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள்.

மூடிய வகை பேட்டரியில் அழுகிய முட்டை வாடை வந்தாலோ, பக்கங்கள் உப்பி, தொட முடியாமல் சுட்டாலோ, அது கட்டுமீறிச் சூடேறுகிறது. சார்ஜை நிறுத்தி, அறையைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

அமிலம் கலக்கும்போது தண்ணீரில் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும், தலைகீழாகச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். தரையில் சிந்தினால் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சமையல் சோடா கரைத்து, நுரை அடங்கும்வரை ஊற்றுங்கள். கண்ணில் பட்டால் சோடா வேண்டாம். 15 நிமிடம் சுத்தமான நீர் ஓடட்டும், பிறகு மருத்துவர். நிக்கல் காட்மியம் பேட்டரியில் இருப்பது காரம். ஈய அமில பேட்டரிக்குப் பயன்படுத்திய ஹைட்ரோமீட்டரையோ புனலையோ அதில் வைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் சிறிது அமிலமே செல்லைக் கெடுத்துவிடும்.

லித்தியம்

லித்தியம் பேக்கில் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணிக்கும் மின்னணுச் சுற்று) தானாகவே இணைப்பைத் துண்டித்துவிட்டால் வெளி முனையில் மீட்டர் பூஜ்யம் காட்டும். உள்ளே செல்கள் முழு மின்னழுத்தத்தோடு இருக்கும். உறையைத் திறந்தவுடன் அந்தப் பூஜ்யம் செல்லாது. உயிருள்ள வரிசை போலவே நடத்துங்கள்.

செல் ஒன்றுக்கு உச்சம், கோபால்ட் அல்லது நிக்கல் வகைக்கு 4.2 வோல்ட், இரும்பு பாஸ்பேட் வகைக்கு 3.65 வோல்ட். முதல் வகையின் சார்ஜரை இரும்பு பாஸ்பேட் வகையில் போட்டால் அதீத சார்ஜ். பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழ் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து, பிறகு உள் ஷார்ட்டுக்கு வழி செய்யும். 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்த செல்லை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். உள்ளே செம்பு கரைந்திருக்கும்.

மின்சார வாகனத்தில் ஆரஞ்சு நிறக் கேபிள் எல்லாம் உயர் மின்னழுத்தம். சாவியை எடுத்துத் தொலைவில் வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றி, சர்வீஸ் பிளக்கை (உயர் மின்னழுத்தச் சுற்றைத் துண்டிக்கும் செருகி) எடுத்துப் பூட்டி, தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து அளக்க வேண்டும். சர்வீஸ் பிளக் எடுத்தாலும் பேட்டரி உறைக்குள் மின்னழுத்தம் அப்படியே உண்டு.

அடிபட்ட, நீரில் மூழ்கிய, உப்பிய பேக்கைக் கட்டடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில் வையுங்கள். இனிப்பான ரசாயன வாடை, சீறும் சத்தம், வெண்புகை ஆகியவை செல் வெடிக்கப் போவதன் அறிகுறி. அந்தப் புகை பற்றக்கூடியது, ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற நச்சு வாயுவும் கலந்தது. மேகம் போல் தெரிகிறதே என்று அருகில் போகாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு கருவி சுடரை அணைக்கும், செல்லைக் குளிர்விக்காது. குளிர்விக்கப் பெருமளவு நீர் வேண்டும், அது தீயணைப்புத் துறையின் வேலை. அணைந்த பேக் பல மணி நேரமோ நாட்களோ கழித்து மறுபடி பற்றலாம்.

மறுபடி சப்ளை கொடுக்கும் முன்

கொண்டுவந்த கருவிகளை எண்ணிச் சரிபாருங்கள். பஸ்பாரில் மறந்த ஸ்பானர் போதும். எர்த்துகளைக் கழற்றி எண்ணுங்கள். மெகர் பாருங்கள். மூடிகளைப் போடுங்கள். ஆட்கள் விலகிய பிறகு அவரவர் பூட்டை அவரவர் எடுக்கட்டும். டிசி பஸ் உள்ள கருவியில் பிரீசார்ஜ் (கெபாசிட்டரை முதலில் மெல்ல ஏற்றுவது) முடியாமல் பேட்டரி பிரேக்கரை ஏற்றாதீர்கள். காலி கெபாசிட்டர் ஷார்ட் போலக் கரண்டை இழுத்து, பிரேக்கரின் முனைகளை உருக்கி ஒட்டிவிடும்.

ஒருவருக்கு ஷாக் அடித்தால்

அவரைத் தொடாதீர்கள். சப்ளையை நிறுத்துங்கள். 1000 வோல்ட்டுக்குக் கீழ், நிறுத்த முடியாவிட்டால், உலர்ந்த கட்டை போன்ற கடத்தாப் பொருளால் தள்ளலாம். உயர் மின்னழுத்தத்தில் கட்டையும் கடத்தும். சப்ளை போனது உறுதியாகும்வரை நெருங்கக் கூடாது. கம்பி அறுந்து தரையில் கிடந்தால் 10 மீட்டராவது விலகி இருங்கள். ஏற்கெனவே அருகில் நின்றால் இரு பாதங்களையும் சேர்த்தே வைத்துச் சிறிது சிறிதாக நகருங்கள். அடி எடுத்து வைத்தால் இரு கால்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டு ஷாக் அடிக்கும். வாகனத்தின் மேல் கம்பி விழுந்தால், தீப்பிடித்தால் தவிர, உள்ளேயே இருங்கள்.

மூச்சு இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்துங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஏஇடி (இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிக் கருவி) இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். தீக்காயத்தை ஓடும் சாதா நீரில் 20 நிமிடம் குளிர்வியுங்கள். ஐஸும் களிம்பும் வேண்டாம்.

எழுந்து நடந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இதயத் துடிப்பின் ஒழுங்கு பிறகும் கெடலாம். மின்சாரம் உள்ளே போன தசைகள் வெளியே தெரியாமல் வெந்திருக்கும், அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் பழுப்பாகப் போனால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எத்தனை வோல்ட், ஏசியா டிசியா, எத்தனை நொடி, எந்தக் கையில் நுழைந்து எங்கே வெளியேறியது என்று ஒரு தாளில் எழுதி அவரோடு அனுப்புங்கள்.